சாந்தியின் சீரமும் புட்டசாமி சாரின் பிடிவாதமும்

கார்த்திகா தருமபுரிப் பெண். நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு எங்கள் அரசாங்கக் கால்நடை நோய் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்காக வந்து போனவள். இப்போது வைட்ஃபீல்டில் ஒரு தனியார் கால்நடைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெட்ரோ பிடித்து ஜோகுபாளையத்தில் என் வீட்டைத் தேடி வந்தாள். அவள் ஆபீஸில் புது ஏற்பாடாம். மிஷின் முடிவைக் கொடுத்த மறுகணமே அது நாய்க்காரர், மாட்டுக்காரர் கைப்பேசிக்குப் போய்விடுமாம். நடுவில் யாரும் யாரோடும் பேச வேண்டியதில்லை.

"சூப்பர்ல மேடம்?" என்றாள்.

சூப்பர்தான், அப்புறம் உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, உங்க காலத்துல எப்படிச் சொல்லுவீங்க, லெட்டர் போடுவீங்களா என்றாள். 'உங்க காலம்' என்ற பேச்சே எனக்கு ஆகாது. ஓய்வு பெற்றவள்தான், சமாதி ஆனவள் இல்லை. நாங்கள் எப்படிச் சொன்னோம் என்று அன்றைக்கு வாயால் சொல்லத் தொடங்கினேன். பாதியில் அவளுக்கு ஆபீஸிலிருந்து அழைப்பு வந்து ஓடிவிட்டாள். மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன்.

என் படிப்பைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா ஒரு கம்பெனியில் வாட்ச்மேன். அம்மா இரண்டு பங்களாக்களில் சமையல். எங்கள் சந்தில் கால்நடை மருத்துவம் படித்த முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமையில் அக்கம்பக்கத்தார் நாய், பூனை, ஆட்டுக்குட்டி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள். நானோ மேற்படிப்புக்கு நுண்ணுயிரியலைப் பிடித்துக்கொண்டு, நாள் முழுக்கக் கண்ணாடித் தட்டுகளையும் மைக்ராஸ்கோப்பையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டு டாக்டருன்னாங்க, ஒரு மாட்டையும் காணோமே என்று எதிர்வீட்டு அக்கா என் கல்யாணம் வரைக்கும் கேலி செய்தாள். விலங்குகளுக்குப் பாக்டீரியாவால் வரும் நோய்களை ஆராய்வதுதான் என் வேலை என்று அவளுக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே புட்டசாமி சாரிடம் மாட்டிக்கொண்டேன். அவர்தான் எங்கள் பிரிவின் தலைவர். மண்டியா பக்கத்துக்காரர். தமிழர்களோடு வளர்ந்ததால் கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டிருப்பார். ஆய்வகக் கதவுக்கு வெளியே கைக்கடிகாரத்தைக் கழற்றி ஒரு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். உள்ளே வந்தால் அவசரம் என்ற சொல்லே அவருக்குக் கிடையாது. திட்டவும் மாட்டார், பாராட்டவும் மாட்டார். நாம் தப்பு செய்தால் பக்கத்தில் வந்து நின்று, நாமாகவே கண்டுபிடிக்கிற வரைக்கும் பேசாமல் நிற்பார். அதற்கு நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

அவருக்கு இரண்டு வழக்கங்கள் இருந்தன. ரத்தப் பரிசோதனை முடிந்து டியூப்கள் வரிசையாக ரேக்கில் நிற்கும்போது, நோயைச் சொல்லப்போகிற டியூப்களை ஒரு பச்சைத் துணியால் மூடிவைப்பார். முதலில் பார்க்க வேண்டியது கன்ட்ரோல் வரிசை, அதாவது பரிசோதனையே ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று காட்டுகிற டியூப்கள். அது சரியாக இருந்தால்தான் துணியை எடுக்க வேண்டும். சரியில்லையென்றால் துணியை எடுக்காமலே மொத்தத்தையும் கிருமி கொல்லும் கொதிகலனுக்கு அனுப்பிவிடுவார். முடிவைக் கண் ஒரு தடவை பார்த்துவிட்டால், அதற்கப்புறம் மனசு அதற்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடும் என்பது அவர் கணக்கு. எனக்கு இது ஆரம்பத்தில் கோயில் சந்நிதியில் திரை போடுகிற சமாசாரம் போலச் சிரிப்பாக இருந்தது.

இரண்டாவது வழக்கம் இன்னும் கஷ்டம். டியூப்பை யார் பார்த்தார்களோ அவர்களேதான் நேரில் போய் விலங்குக்குச் சொந்தக்காரரிடம் முடிவைச் சொல்ல வேண்டும். ஆபீஸ் கடிதம் தனியாகப் பின்னால் போகும். பியூனை அனுப்பக்கூடாது, போனில் சொல்லக்கூடாது.

சேர்ந்த புதிதில் ஒசகோட்டை பக்கத்திலிருந்து செத்த ஆட்டின் காதிலிருந்து எடுத்த ரத்தம் பூசிய ஸ்லைடு ஒன்று வந்தது. சாயம் போட்டுப் பார்த்தேன். நீலக் குச்சிகள், சுற்றிலும் ரோஜா நிற உறை. அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். பாடப் புத்தகத்தில் பார்த்ததைக் கண்ணாலேயே பார்த்துவிட்ட சந்தோஷத்தில் குதித்தேன். சார் குதிக்கவில்லை. நடம்மா, போய்ச் சொல்லலாம் என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். ஆட்டைத் தோலுரிக்கக்கூடாது, கறி போடக்கூடாது, ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கணும் என்று நான் சொல்ல, அந்தப் பெரியவர் கன்னடத்தில் என்னைக் கிழிகிழி என்று கிழித்தார். சார் பின்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். கடைசியில் பெரியவர் ஓய்ந்து, மிச்ச ஆடுகளுக்கு ஊசி போடுவீங்களா என்று கேட்டார். போட்டோம். அதற்குப் பிறகு எந்த ஸ்லைடைப் பார்த்தாலும், இதை எந்த முகத்தைப் பார்த்துச் சொல்லப் போகிறோம் என்ற நினைப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்காகத்தான் மனுஷன் அப்படி வைத்திருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இனி ஏழுமலையின் குதிரைகளுக்கு வருகிறேன். இத்தனை வருஷத்தில் என்னை ஆட்டிவைத்த கேஸ் அதுதான்.

ஏழுமலை ஆஸ்டின் டவுன்காரர். கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிறவர். அவரிடம் இரண்டு இருந்தன. வெள்ளைக் குதிரை ராஜா மாப்பிள்ளையைச் சுமக்கும். பழுப்புப் பெண் குதிரை சாந்தி சாரட்டு இழுக்கும். இரண்டுக்கும் காலில் சலங்கை கட்டியிருக்கும். பெயர்தான் சாந்தி. வாய்க்கு எட்டிய எதையும் கடிக்கும், என் துப்பட்டா உள்பட. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

ராஜாவுக்கு மூக்கிலிருந்து மஞ்சளாகக் கெட்டிச் சளி வடிந்தது. காலில் சின்னச் சின்னக் கட்டிகள் வந்து உடைந்தன. பார்த்த டாக்டர் சந்தேகப்பட்டு எங்களுக்கு ரத்தம் அனுப்பினார். சந்தேகம் கிளாண்டர்ஸ் மேல். குதிரை இனத்துக்கு வரும் மிக மோசமான பாக்டீரியா நோய் அது. மனிதருக்கும் தொற்றும். குதிரைக்கு வந்தால் வைத்தியம் பார்க்கவே சட்டம் விடாது. ஊசி போட்டு முடித்துப் புதைத்துவிட வேண்டும். ஏழுமலையோ அந்தச் சளியைத் தோள் துண்டாலேயே துடைத்துக்கொண்டிருந்தவர். நல்ல வேளை, ஆஸ்பத்திரியில் அவரைச் சோதித்ததில் ஒன்றுமில்லை.

ராஜாவின் பரிசோதனையை நான்தான் செய்தேன். எப்படிச் செய்வது என்பதை ஒருமுறை சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கு அது வேண்டும். குதிரையின் சீரத்தோடு, அதாவது ரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் நீரோடு, கிருமியின் சாற்றைச் சேர்க்கிறோம். கூடவே ரத்த அணுக்களை உடைக்கக்கூடிய ஒரு பொருளையும் சேர்க்கிறோம். நோய் இருந்தால், சீரத்தில் உள்ள எதிர்ப்புச் சக்தி கிருமிச் சாறோடு போடும் சண்டையிலேயே அந்தப் பொருள் தீர்ந்துபோகும். பிறகு போடுகிற ரத்த அணுக்கள் உடையாமல் அடியில் பொத்தான் மாதிரி படிந்துவிடும். நோய் இல்லையென்றால் அணுக்கள் உடைந்து டியூப் முழுக்கத் தெளிந்த சிவப்பாகிவிடும். கன்ட்ரோல் டியூபில் கிருமிச் சாறு கிடையாது. அங்கே சண்டையே இல்லை. அதனால் அது கட்டாயம் தெளிந்த சிவப்பாக இருந்தாக வேண்டும்.

ராஜாவின் கன்ட்ரோல் பளிச்சென்று சிவந்திருந்தது. துணியை எடுத்தேன். மற்ற டியூப்களின் அடியில் எல்லாம் பொத்தான். எனக்கு நம்ப மனசில்லை. சாரிடம் கேட்டு, மறுபடி ரத்தம் எடுத்து வந்து மறுபடி செய்தேன். அதே கன்ட்ரோல், அதே பொத்தான். சளியை வளர்த்த தட்டிலும் அந்தக் கிருமியே வளர்ந்தது. முறைப்படி வடக்கே உள்ள பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பினோம், அவர்களும் அதையே சொன்னார்கள். சாரும் நானும் ஆஸ்டின் டவுனுக்குப் போனோம். நான் சொன்னேன். ராஜாவின் காலில் கட்டியிருந்த சலங்கையை மட்டும் கழற்ற விடுவீங்களா என்று ஏழுமலை கேட்டார். கையுறை கொடுத்துக் கழற்ற விட்டோம். பிறகு ராஜாவுக்கு ஊசி போட்டுப் புதைத்தார்கள். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் இந்த வேலையை விட்டுவிடப் போகிறேன் என்று அழுதேன்.

கொஞ்ச நாளில் சாந்திக்கும் மூக்கு வடிந்தது. தாடைக்குக் கீழே பெரிய கட்டி வந்தது. பக்கத்திலேயே நின்ற குதிரை ஆயிற்றே. எல்லாருக்கும் பதைத்தது. களத்தில் இருந்த இளம் டாக்டர் ஓடிப்போய் ரத்தம் எடுத்தார். எடுத்த சூட்டோடு ஐஸில் செருகி, பழைய மெட்ராஸ் ரோடு டிராஃபிக்கில் பைக்கில் குலுக்கிக்கொண்டு கொண்டுவந்து சேர்த்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ரத்தம் உறைவதற்கு அவகாசம் கொடுக்காமல் குளிரில் வைத்துக் குலுக்கினால் சீரம் கெட்டுப்போகும். எங்கள் வேலையில் இருப்பவர்கள் அவசரத்தில் செய்கிற தப்பு இது.

அன்றைக்குப் பரிசோதனை செய்தவர் என்னோடு வேலை பார்த்த இன்னொரு டாக்டர். பெயர் வேண்டாம், நல்ல மனிதர். சார் வேறொரு கட்டடத்தில் மீட்டிங்கில் இருந்தார். மேலதிகாரியோ போன் மேல் போன். ஊரில் பந்தயக் குதிரைகள் இருக்கு, போலீஸ் குதிரைகள் இருக்கு, பத்திரிகைக்காரன் வாசலில் நிற்கிறான் என்று நெருக்கினார். நம்மவர் கன்ட்ரோலைப் பார்க்காமலே துணியை முழுசாக உருவிப் பார்த்துவிட்டார். எல்லா டியூபிலும் பொத்தான். போனிலேயே பாசிட்டிவ் என்று சொல்லியும்விட்டார். நான் உள்ளே நுழையும்போது மறுமுனையில் ஊசிக்கும் குழிக்கும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

சார் வந்தார். கடிகாரத்தைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ரேக்கைப் பார்த்தார். பச்சைத் துணியை எடுத்து மறுபடி டியூப்களை மூடினார். அந்தப் பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கன்ட்ரோல் டியூபை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதன் அடியிலும் பொத்தான்.

அதாவது சண்டையே நடக்காத இடத்திலும் அந்தப் பொருள் தீர்ந்துபோயிருந்தது. கிருமி இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கெட்டுப்போன சீரமே அதைத் தின்றிருக்கிறது. அந்த ரேக்கை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

சார் மேலதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் கத்தியது எங்களுக்கே கேட்டது. பக்கத்துக் குதிரைக்கு இருந்தது உறுதி. இதுக்கும் மூக்கு வடியுது. எப்படியும் இதுக்கும் அதேதான். முன்னெச்சரிக்கையாக முடித்துவிட வேண்டியதுதானே, ஒரு சாரட்டுக் குதிரைக்காக ஊரையே பணயம் வைப்பீர்களா என்று. எனக்கே நியாயமாகத்தான் பட்டது. சார் முழுசாகக் கேட்டுவிட்டு, தன் வழக்கமான தாழ்ந்த குரலில் பேசினார்.

"ஸார், இந்த சீரம் நாம கேள்வி கேக்கறதுக்கு முன்னாடியே ஆமான்னு சொல்லுது. இதை நம்பி ஒரு ஜீவனை எடுக்க நான் கையெழுத்து போட மாட்டேன். குதிரையைத் தனியா கட்டி வைக்கிறது என் பொறுப்பு. டைம் கொடுங்க."

போன் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. பதவி உயர்வுக்கான பட்டியலில் சாரின் பெயர் அந்த வருஷம் இருந்தது. அதற்கப்புறம் இல்லை. இதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நான்தான் இன்றைக்கும் வயிறெரிந்துகொண்டிருக்கிறேன்.

சாந்தியின் ரத்தத்தை நீ போய் எடு என்று என்னை அனுப்பினார். முகக்கவசம், கையுறை, மேலங்கி எல்லாம் மாட்டிக்கொண்டு போனேன். ஏழுமலை அவளைத் தனியாக வேறொரு கொட்டகையில் கட்டியிருந்தார். கழுத்து நரம்பில் ஊசி ஏற்றினேன். ரத்தத்தைக் காய்ந்த டியூபில் மெதுவாக இறக்கி, சாய்த்து வைத்து, உறைகிற வரைக்கும் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் சாந்தி என் மேலங்கியில் ஒரு வாய் பார்த்துவிட்டாள். சாகப்போறவளுக்கு இவ்வளவு திமிரா என்று அவளைத் திட்டினேன். திட்டிய மறுநிமிஷமே அவள் கழுத்தைத் தடவிக்கொடுத்தேன். பிறகு ஆட்டோவில், பிறந்த குழந்தையைப் போல டியூபை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஆய்வகம் வந்து சேர்ந்தேன்.

கன்ட்ரோல் தெளிந்த சிவப்பு. துணியை எடுத்தேன். எல்லாம் தெளிந்த சிவப்பு. ஒரு பொத்தான்கூட இல்லை. கட்டியிலிருந்து எடுத்த சீழை வளர்த்தபோது தட்டில் வேறொரு பாக்டீரியா வந்தது. மைக்ராஸ்கோப்பில் சங்கிலி சங்கிலியாகத் தெரிந்தது. குதிரைகளுக்குத் தொண்டை வீங்குகிற சாதாரண நோய்தான், ஊசி மருந்துக்குக் கேட்கும். நான் கத்திய கத்தலில் கூட வேலை செய்தவர்கள் ஓடிவந்தார்கள். சார் மட்டும் குதிக்காதேம்மா என்றார். கிளாண்டர்ஸ் தொற்றிய ஆரம்பத்தில் ரத்தத்தில் தெரியாமல் போகலாம். அதனால் சில வாரங்கள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், அதுவும் சுத்தம் என்று வந்தால்தான் ஏழுமலையிடம் முடிவு சொல்லலாம் என்றார். அதுவரைக்கும், முதலில் இருக்கு என்றார்கள், ரத்தம் கெட்டதால் மறுபடி பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

அந்த வாரங்களில் நான் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. கல்யாண சீசன் முழுக்க ஏழுமலைக்கு ஊர்வலம் இல்லை. மேலேயிருந்து தினமும் ஒருவர் வந்து, இன்னுமா உயிரோட இருக்கு என்பது போலக் கேட்டுவிட்டுப் போவார். சாந்தியின் கட்டி உடைந்து ஆறியது. மூக்கு காய்ந்தது. மறுபடி ரத்தம் எடுத்தேன். கன்ட்ரோலைப் பார்த்தேன். துணியை எடுத்தேன். மொத்த வரிசையும் தெளிந்த சிவப்பு. வடக்கேயிருந்தும் அதே பதில் வந்தது.

சார் எழுந்து வரவில்லை. நீ பார்த்தது, நீயே போய்ச் சொல்லு என்றார்.

தனியாகத்தான் போனேன். ஏழுமலை வாசலில் நின்றிருந்தார். ஜீப்பிலிருந்து நான் இறங்கியதைப் பார்த்ததும் திரும்பிக் கொட்டகைக்குள் போனார். பின்னாலேயே போனேன். அவர் சாந்தியின் காலடியில் உட்கார்ந்து சலங்கையைக் கழற்றிக்கொண்டிருந்தார். போன தடவை நான் முடிவு சொல்ல வந்தபோது என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியுமே. ரத்தம் எடுக்கும் சாமான் இல்லாமல் நான் வந்தாலே சாவுச் செய்தி என்று ஆகிவிட்டிருந்தது. எனக்குத் துக்கம் பொங்கிக்கொண்டு வந்தது.

"ஏழுமலைண்ணா, கழட்டாதீங்க. இவளுக்கு அந்த நோய் இல்ல. ரெண்டு தடவை பார்த்துட்டோம். இல்லவே இல்ல."

அவர் கை அப்படியே நின்றது. என்னை நம்பாத மாதிரி பார்த்தார். நான் மறுபடி சொன்னேன். சாந்தியின் காலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் நின்ற இடத்திலேயே அழுதேன், டாக்டர் என்ற கௌரவமெல்லாம் எங்கே போயிற்றோ. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். அவர் கண்ணில் ஒரு சந்தேகம் வந்திருந்தது.

"டாக்டரம்மா, இவளுக்கும் மொதல்ல இருக்குதுன்னுதான் சொன்னாங்க. அப்புறம் ரத்தம் கெட்டுப்போச்சுன்னீங்க. இப்ப இல்லன்றீங்க. அப்ப ராஜாவுக்கும் இன்னா, அந்த மாதிரி..."



இந்தக் கேள்வி வரும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. என் கண்ணால் பார்த்த பதில். ராஜாவின் கன்ட்ரோல் டியூப் ஜன்னல் வெளிச்சத்தில் எப்படிச் சிவந்திருந்தது என்பது அப்படியே நினைவில் நின்றது. நான் அவர் பக்கத்தில் வைக்கோலில் உட்கார்ந்து, பொத்தான், சிவப்பு, கெட்ட சீரம் எல்லாவற்றையும் அவருக்குப் புரிகிற மாதிரி முதலிலிருந்து சொன்னேன். சாந்தியின் முதல் ரத்தத்தில் கன்ட்ரோல் டியூபே கெட்டிருந்தது, ராஜாவுடையதில் கெடவில்லை என்று சொன்னேன்.

"அவனோடது தப்பில்லண்ணா. நானே ரெண்டு தரம் பார்த்தேன். சளியிலயும் அதே கிருமி வளர்ந்துச்சு. அவனுக்கு இருந்துச்சு."

அதைச் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. அப்படிச் சொல்ல முடிந்ததற்காக, அந்தப் பச்சைத் துணிக்காரருக்கு நான் எத்தனை தடவை நன்றி சொன்னாலும் தீராது. அன்றைக்கு ராஜாவின் விஷயத்தில் யாராவது அவசரப்பட்டிருந்தால், ஏழுமலையின் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

ஏழுமலை மெதுவாகக் கேட்டார்.

"அப்ப நாம அவனுக்கு அநியாயம் பண்ணல."

"பண்ணலண்ணா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, கழற்றிய சலங்கையைக் கையில் எடுத்து மறுபடி சாந்தியின் காலில் கட்டத் தொடங்கினார்.